நவி: டெர்மினலுக்குள் ஓர் அஞ்சறைப் பெட்டி

இரவு 2 மணிக்கு போன் அடித்து "ப்ராட் சர்வர்ல (வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்துகிற நிஜ சர்வர்) டிஸ்க் ரொம்பிடுச்சு" என்று யாராவது சொன்னால், டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற திரையில், பத்து வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிற கமாண்ட்கூட அந்த நேரத்தில் விரலுக்கு வராது. எங்கேயோ எழுதி வைத்திருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். நோட்டிலா, டீம் சாட்டிலா, பழைய லேப்டாப்பில் இருந்த டெக்ஸ்ட் ஃபைலிலா, போன தடவை இதே பிரச்சினை வந்தபோது ஒருத்தர் மெயிலில் அனுப்பினாரே அதிலா என்று துழாவுவதிலேயே பத்து நிமிஷம் போய்விடும்.

நான் சென்னை பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கிளவுட் இன்ஃப்ரா வேலை பார்க்கிறேன். ஆறு பேர் டீம், வாரத்துக்கு ஒருத்தர் ஆன்கால், அதாவது எந்த நேரத்தில் பிரச்சினை வந்தாலும் எடுத்துப் பார்க்க வேண்டியவர். இந்தத் துழாவல் தாங்காமல்தான் 2023 தொடக்கத்தில், கமாண்டுகளைச் சேமித்து வைத்துத் தேடி எடுக்க உதவுகிற நவி என்கிற கருவியைப் போட்டுப் பார்த்தேன், அன்றிலிருந்து அது இல்லாமல் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. ஓஎம்ஆரில் இதே வேலை செய்கிற நண்பர்கள் பலரும் இன்னும் சாட்டில் ஸ்டார் போட்டு வைத்த மெசேஜைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நவி திறமூலக் கருவி, காசு கிடையாது. டெனிஸ் இசிடோரோ என்பவர் தொடங்கியது. முதலில் பாஷ் ஸ்கிரிப்டாக இருந்து அப்புறம் ரஸ்ட் மொழிக்கு மாறியது. லினக்ஸ், மேக் இரண்டிலும் நன்றாக ஓடும். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக ஒரே வரியில் இன்ஸ்டால் ஆகிவிடும். கூடவே எஃப்இசட்எஃப் வேண்டும், பட்டியலைக் காட்டித் தேடவிடுகிற வேலையை அதுதான் செய்கிறது. ஷெல்லின், அதாவது பாஷ் மாதிரி நாம் அடிக்கிற கமாண்டை வாங்கி ஓடவிடுகிற புரோகிராமின், கான்ஃபிகில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், டெர்மினலில் கன்ட்ரோல் ஜி அழுத்தியதும் நாம் சேமித்து வைத்த கமாண்டுகள் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும். நாலு எழுத்து அடித்தால் சுருங்கும். தேர்ந்தெடுத்ததும் கமாண்ட் நம் பிராம்ப்டில், அதாவது கமாண்ட் அடிக்கிற வரியில், வந்து உட்காரும். எண்டர் தட்டினால்தான் ஓடும்.

சேமிக்கிற ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான். சதவீதக் குறி போட்ட வரி தலைப்பு. ஹாஷ் குறி போட்ட வரி விளக்கம். அதற்குக் கீழே கமாண்ட். கமாண்டுக்குள் ஒவ்வொரு தடவையும் மாறுகிற இடங்களை, அதாவது சர்வர் பெயர், நேம்ஸ்பேஸ், பாட் பெயர் மாதிரியானவற்றை, கோண அடைப்புக்குள் ஒரு பெயர் கொடுத்து வைத்துவிட வேண்டும். இதுவரை எல்லாக் கருவியும் செய்வதுதான். நவியின் உயிர் அடுத்த வரியில் இருக்கிறது. டாலர் குறியில் தொடங்கும் ஒரு வரியில், அந்த இடத்துக்கு வரவேண்டிய மதிப்புகளை எந்தக் கமாண்ட் எடுத்துத் தரும் என்று எழுதலாம். குபெர்னெட்டிஸ் என்பது பல சர்வர்களைச் சேர்த்து (அந்தக் கூட்டம்தான் கிளஸ்டர்) சர்வீஸ்களை ஓடவிடுகிற மென்பொருள்; அதில் ஓடுகிற சின்ன அலகு பாட், அவற்றைப் பிரித்து வைக்கிற பிரிவு நேம்ஸ்பேஸ். அதில் இப்போது என்னென்ன நேம்ஸ்பேஸ் இருக்கிறதோ அதை அப்போதே கேட்டுப் பட்டியலாகக் காட்டும், நான் ஒன்றைத் தொட்டால் அதற்குள் இருக்கிற பாட்கள் மட்டும் அடுத்த பட்டியலாக வரும். ஏழெட்டு எழுத்து கலந்து கட்டி முடிகிற அந்தப் பாட் பெயரை மவுஸால் பிடித்து காப்பி செய்கிற வேலையே இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் படுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. நவி வருவதற்கு முன்னால், முந்தைய கம்பெனியில் நடந்தது. செலவு மிச்சம் பிடிக்க ஸ்டேஜிங்கில், அதாவது சோதனைக்கான சூழலில், இருக்கிற சர்வீஸ்களைச் சாயங்காலம் ஆனதும் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு, காலையில் ஏற்றிவிடுவோம். அதற்கான கமாண்ட் டீம் சாட்டில் பின் செய்யப்பட்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, அதைத் தூக்கிவந்து ஒட்டி எண்டர் தட்டினேன். டெர்மினல் அப்போது ப்ராட் கிளஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் மத்தியானம் வேறொரு வேலைக்காக நானே மாற்றிவிட்டு மறந்திருந்தேன். கமாண்டில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, எந்தக் கிளஸ்டர் என்று அதில் எழுதவே இல்லை, அவ்வளவுதான். பணம் கட்டுகிற சர்வீஸ் நாலு நிமிஷம் கிடையாது. அந்த நாலு நிமிஷத்தில் எத்தனை பேர் கடை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்ற நினைப்பு பல நாள் என்னை விடவில்லை.

இப்போது எங்கள் நவி ஃபைலில் அதே கமாண்ட் இருக்கிறது. கிளஸ்டர் பெயர் கமாண்டுக்குள்ளேயே கட்டாயமாக வரும், டெர்மினல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கவலையில்லை. அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், பட்டியலைத் தயாரிக்கிற வரியில் ப்ராட் பெயர்களை வடிகட்டி எடுத்துவிட்டேன். வழக்கமாக நவியில் பட்டியலில் இல்லாததையும் நாமாக அடித்துவிட முடியும், ஆனால் மதிப்பு வரியின் கடைசியில் மூன்று கோடு போட்டு "ப்ரிவென்ட் எக்ஸ்ட்ரா" என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் பட்டியலுக்கு வெளியே எதையும் ஏற்காது. ஆக, அந்த ஸ்னிப்பெட் (இப்படிச் சேமித்து வைத்த கமாண்ட்) வழியாக ப்ராட் சர்வீஸை இறக்க வழியே இல்லை. இந்த ஒரு ஆப்ஷனுக்காகவே நான் நவிக்கு நன்றி சொல்வேன்.

சாட்டிலிருந்து ஒட்டுவதில் இன்னொரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பல சாட் செயலிகள் அடுத்தடுத்து வரும் இரண்டு கோட்டை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும், நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஷெல் மட்டும் புரியவில்லை என்று கத்தும். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு மணி நேரம் இதோடு போராடியதைப் பார்த்திருக்கிறேன், அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே கோடுதான். இதைவிட மோசம், காப்பி செய்ததன் கடைசியில் ஒரு எண்டரும் சேர்ந்து வந்துவிடுவது. ஒட்டிய நொடியே ஓடிவிடும். 2020 கடைசியில் வந்த பாஷ் 5.1-லிருந்து ஒட்டியதை உடனே ஓடவிடாமல் பிடித்துவைக்கிற வசதி தானாகவே ஆன் ஆகியிருக்கிறது, ஆனால் அதைவிடப் பழைய பாஷ் ஓடுகிற சர்வர்கள் இன்னும் எவ்வளவோ இருக்கின்றன.

சரி, "கன்ட்ரோல் ஆர் இருக்கே, ஹிஸ்டரியிலேயே தேடிக்கலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் உபுண்டுவில் பாஷ் வழக்கமாக வைத்துக்கொள்வது நினைவில் 1000 வரி, ஃபைலில் 2000 வரி. வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பிரச்சினைக்கான கமாண்ட் அதில் எப்போதோ அடித்துக்கொண்டு போயிருக்கும். தவிர, ஹிஸ்டரியில் சரியான கமாண்டுக்குப் பக்கத்திலேயே அதற்கு முன்னால் தப்பாக அடித்த நாலும் இருக்கும். எது வேலை செய்தது என்று அது சொல்லாது.

நினைவில் வைத்துக்கொள்வது ஏன் முடியாது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஓடவிடுவதற்கு முன்னால் "செய்யாமல் செய்து காட்டு" என்று கேட்கிற ஆப்ஷன் எல்லாக் கருவியிலும் இருக்கிறது. ஃபைல்களைக் காப்பி செய்கிற ஆர்சிங்கில் அதை ட்ரை, ரன் என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் கோடு போட்டு எழுத வேண்டும். அமேசான் கிளவுடின் கமாண்ட் லைனில் சர்வர்களுக்கான ஈசி2 பக்கம் போனாலும் நடுவில் கோடு உண்டு. அதே கமாண்ட் லைனில் ஃபைல் சேமிப்புக்கான எஸ்3 பக்கம் போனால் கோடு கிடையாது, சேர்த்து எழுத வேண்டும். குபெர்னெட்டிஸில் கோடு போட்டு, கூடவே க்ளையன்டா சர்வரா என்றும் சொல்ல வேண்டும். கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதி உருவாக்குகிற டெராஃபார்மில் அந்தச் சொல்லே இல்லை, ப்ளான் என்று தனிக் கமாண்ட். இதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பது திறமைக்கு அளவுகோல் ஆகாது என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எஸ்3 சிங்க் கமாண்டில் எங்கிருந்து எங்கே என்பது தலைகீழாகிப் போய், டெலீட் ஆப்ஷனும் சேர்ந்திருந்தால், காலியான ஃபோல்டரைப் போல பக்கெட்டும் (எஸ்3-இல் ஃபைல்கள் இருக்கிற இடம்) காலியாகிவிடும். அதனால் எங்கள் ஃபைலில் சிங்குக்கு இரண்டு ஸ்னிப்பெட், முதலில் வருவது வெறுமனே காட்டுவது, இரண்டாவதுதான் நிஜம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நவியை இன்ஸ்டால் செய்துவிட்டு ரெண்டே வாரத்தில் கைவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லாரும் செய்த காரியம் ஒன்றுதான். விளக்க வரியில் கமாண்டின் பெயரையே எழுதினார்கள். "லிஸ்ட் ஓப்பன் ஃபைல்ஸ்" என்று எழுதி வைத்தால், அந்தக் கமாண்ட் எதற்கு என்று தெரிந்தவர்தானே அதைத் தேட முடியும்? தெரிந்தவருக்கு ஸ்னிப்பெட்டே வேண்டாமே. வீட்டில் அம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் சீரகம் எந்தக் கிண்ணம் என்று யோசிக்க மாட்டார்கள், தாளிக்கிற வேகத்தில் கை தானாகப் போகும். அப்படிக் கை போக வேண்டுமென்றால், பிரச்சினை வந்த நொடியில் நம் வாயில் என்ன வார்த்தை வருகிறதோ அந்த வார்த்தையில்தான் ஸ்னிப்பெட்டுக்குப் பெயர் இருக்க வேண்டும்.

அதனால் எங்கள் டீம் ஃபைலில் விளக்கமெல்லாம் நாங்கள் பேசுகிற தமிழிலேயே இருக்கிறது, கீபோர்டை மாற்ற வேண்டாம் என்பதற்காக ஆங்கில எழுத்தில். "டிஸ்க் ரொம்பிடுச்சு எது சாப்பிடுது". "டிஸ்க் ரொம்பிடுச்சு ஆனா ஃபைலே காணோம்". "டிஸ்க்ல இடம் இருக்கு ஆனா எழுத முடியல". மூன்றும் தனித்தனி ஸ்னிப்பெட். "ரொம்பி" என்று அடித்தாலே மூன்றும் வந்து நிற்கும், அந்த நேரத்தில் கண்ணுக்கு எது பொருந்துகிறதோ அதைத் தொட்டால் போதும்.

முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: டியு கமாண்டால் ஃபோல்டர் ஃபோல்டராக அளந்து, சார்ட்டுக்கு அனுப்பிப் பெரியதைக் கடைசியில் காட்டுவது. வேறு டிஸ்க்குக்குள் நுழையாமல் இருக்க சின்ன எக்ஸ் ஆப்ஷன் சேர்த்திருக்கிறோம், இல்லையென்றால் இணைத்து வைத்திருக்கிற நெட்வொர்க் டிஸ்க்கையும் சேர்த்து அளந்துகொண்டு அரை மணி நேரம் நிற்கும். இரண்டாவதுதான் பல பேரை அலைய வைப்பது. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிற டிஎஃப் நூறு சதவீதம் என்கிறது, டியு கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. லினக்ஸில் ஒரு ஃபைலை அழித்தால் பெயர்தான் போகும். ஏதாவது ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராம்) அதைத் திறந்து வைத்திருக்கும்வரை டிஸ்க்கில் இடம் விடுபடாது. யாரோ பெரிய லாக் ஃபைலை அழித்திருப்பார்கள், ஜாவா ப்ராசஸ் அதற்குள் எழுதிக்கொண்டே இருக்கும். எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் கூட்டல் குறியும் பெரிய எல்லும் 1 என்ற எண்ணும் சேர்த்து அடித்தால், பெயர் போன பிறகும் திறந்திருக்கிற ஃபைல்கள் எல்லாம் ப்ராசஸ் எண்ணோடு வந்துவிடும். அந்த ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். மூன்றாவது ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படுகிற பதிவு, தீர்ந்துபோவது, லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் சேர்ந்துவிட்டால் வரும். டிஎஃப்போடு சின்ன ஐ ஆப்ஷன். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் வரிசையாகப் பார்க்கும்போது, ஆன்காலில் இருப்பவர் முதல் காரணத்திலேயே முட்டிக்கொண்டு நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிறார். அந்த நன்மையை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதிக்கும் அப்படித்தான், "சர்ட் எப்ப முடியுது" என்று ஒன்று. ஓப்பன்எஸ்எஸ்எல் கமாண்ட் நீளமானது, 1.1.1-க்கு முந்தைய பதிப்புகளில் சர்வர் பெயர் ஆப்ஷனை விட்டுவிட்டால் அதே ஐபியில் இருக்கிற வேறு தளத்தின் சான்றிதழைக் காட்டி நம்மைக் குழப்பிவிடும். எங்கள் ஸ்னிப்பெட்டில் தளத்தின் பெயரை ஒரு தடவை கொடுத்தால் இரண்டு இடத்திலும் அதுவே போய் உட்காரும். 2025 ஏப்ரலில், சான்றிதழ் வழங்குபவர்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் எடுத்த முடிவுப்படி, 2029 மார்ச்சிலிருந்து பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 47 நாள்தான். புதுப்பிப்பதைத் தானியங்கியாக வைத்திருந்தாலும், உண்மையிலேயே புதுசு ஏறியிருக்கிறதா என்று கையால் பார்க்கிற தேவை கூடத்தான் போகிறது.

கிளவுட் டேட்டா சென்டர்கள் இருக்கிற இடங்களின் பெயர் விஷயத்தில் ஒரு சின்ன வசதி செய்து வைத்திருக்கிறேன், சென்னையில் இருப்பவர்களுக்குப் பிடிக்கும். அமேசானில் மும்பை "ஏபி சவுத் 1", ஹைதராபாத் "ஏபி சவுத் 2". அசூரில் "சவுத் இந்தியா" என்றால் நம் சென்னை, "சென்ட்ரல் இந்தியா" என்றால் புனே, "வெஸ்ட் இந்தியா" என்றால் மும்பை. கூகுளில் வேறு வரிசை. இந்தக் குறியீடுகளை யாரும் தப்பில்லாமல் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. நவியில் பட்டியலின் முதல் பத்தியில் ஊர் பெயர், இரண்டாவது பத்தியில் குறியீடு என்று வைத்து, மதிப்பு வரியில் "காலம் 2" (அதாவது இரண்டாவது பத்தி) என்று சொல்லிவிட்டால், கண்ணுக்கு ஊர் தெரியும், கமாண்டுக்குள் குறியீடு போகும். சென்னை என்று அடித்துச் சென்னையை எடுப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று ஆன்கால் நான்தான். பள்ளிக்கரணையில் வீடு, ஞாயிறு இரவிலிருந்தே மழை, விடிவதற்குள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, ஃபைபர் இல்லை. லேப்டாப்பில் பாதி சார்ஜ், போனில் ஒரு கோடு சிக்னல், அதுவும் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்தால்தான். எங்கள் கிளஸ்டர் மும்பையில் இருப்பதால் சர்வீஸ் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முந்தின நாள் போன டிப்ளாயில், அதாவது ஏற்றிய புது வெர்ஷனில், ஒரு கோளாறு. பிரவுசரில் கிளவுட் கன்சோல் பக்கம் பாதிகூட வரவில்லை, டீம் விக்கி திறக்கவே இல்லை. தூரத்து சர்வருக்குள் டெர்மினல் வழியாக நுழைகிற எஸ்எஸ்எச் மட்டும் ஏறியது, அதற்குப் போகிற டேட்டா கொஞ்சம்தானே. மற்ற சர்வர்களுக்குள் போக வாசலாக இருக்கிற மும்பை ஜம்ப் சர்வரிலும் நவியும் எங்கள் ஃபைல்களும் இருந்தன. கன்ட்ரோல் ஜி, "பழசுக்குப் போ", கிளஸ்டர், நேம்ஸ்பேஸ், டிப்ளாய்மென்ட். ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு மூணு வினாடி பொறுத்திருந்து அடித்தேன். கமாண்ட் பிராம்ப்டில் வந்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு எண்டர் தட்டினேன். பழைய வெர்ஷன் ஏறியதைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினேன், இன்னும் 31 சதவீதம் மிச்சம். ஸ்னிப்பெட்டுகள் ஏதோ ஒரு இணையதளத்தில் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு என் கதி என்ன என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து, எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை லோக்கலில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

குறைகள் இருக்கின்றன. நவி என்று நேராக அடித்துத் திறந்தால், தேர்ந்தெடுத்த கமாண்டை அங்கேயே ஓடவிட்டுவிடும், கன்ட்ரோல் ஜி வழியில்தான் பிராம்ப்டுக்கு வரும். இது முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்திருக்க வேண்டிய செய்தி. டீமில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: கன்ட்ரோல் ஜி தவிர வேறு வழியில் போகாதே. அடுத்து, மதிப்புகளைக் கொண்டுவருகிற கமாண்ட் மெதுவாக இருந்தால் பட்டியலும் மெதுவாகத்தான் வரும். நூற்றுக்கணக்கான சர்வர்களை அமேசானிடம் கேட்டு வாங்க சில வினாடி ஆகும், அவசரத்தில் அது யுகமாகத் தெரியும். நாங்கள் அந்த மாதிரிப் பட்டியலை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, நவியை அந்த ஃபைலைப் படிக்கச் சொல்லிவிட்டோம். ஆவணங்கள் சுருக்கமாக இருக்கின்றன, ஆப்ஷன் என்ன செய்யும் என்பதைச் செய்து பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மற்றவர்கள் எழுதிய ஸ்னிப்பெட் தொகுப்புகளை ஒரே கமாண்டில் இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆரம்பத்தில் ஆசையாக எல்லாவற்றையும் இறக்கினேன், பட்டியல் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது, எனக்கு வேண்டிய ஒன்று அதில் எங்கேயோ. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இதில் பாதுகாப்புப் பிரச்சினையும் இருக்கிறது. மதிப்பு வரியில் இருக்கிற கமாண்ட், அந்த ஸ்னிப்பெட்டை நாம் தொட்டதுமே நம் மெஷினில் ஓடும், எண்டர் தட்டுவதற்கெல்லாம் காத்திருக்காது. முன்பின் தெரியாதவர் எழுதியதைப் படித்துப் பார்க்காமல் சேர்க்கவே கூடாது.

பொதுவான கமாண்டுகளுக்கு டிஎல்டிஆர் பேஜஸ் போதும், அதை மனசாரப் பரிந்துரைக்கிறேன். 2013 கடைசியில் தொடங்கிய தன்னார்வலர் திட்டம். ஒரு கமாண்டுக்கு ஒரு பக்கம், அதிகபட்சம் எட்டு உதாரணம், அவ்வளவுதான். கமாண்டின் கையேடான மேன் பேஜில் நாற்பது திரை உருட்டித் தேடுவது இங்கே ஒரு பார்வையில் கிடைத்துவிடும். தமிழ்ப் பக்கங்களும் அதில் இருக்கின்றன, நம் ஆட்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தவை. மொழியைத் தமிழ் என்று வைத்தால், தமிழில் இருக்கிற பக்கம் தமிழிலேயே வரும், இல்லாதது ஆங்கிலத்தில் வரும். கல்லூரியில் படிக்கிற என் தங்கைக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன். நவிக்குள்ளிருந்தே டிஎல்டிஆர் பக்கங்களைத் தேடவும் முடியும்.

கமாண்டை அடித்த கையோடு சேமிக்க வேண்டும் என்பவர்களுக்கு பெட் என்ற கருவி இன்னும் எளிது, ஆனால் மதிப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டுவதில் நவி அளவுக்கு வராது. எடிட்டருக்குள் எழுதுகிற கோடுக்கு இந்த இரண்டுமே வேண்டாம், விஎஸ் கோடில் இருக்கிற ஸ்னிப்பெட் வசதியே தாராளம். டெராஃபார்மில் ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் ஓனர், செலவுக் கணக்கு, எந்தச் சூழல் என்று மூன்று டேக் போட வேண்டும் என்பது எங்கள் விதி; "டேக்" என்று அடித்து டேப் தட்டினால் மூன்றும் வரும், சூழல் மட்டும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இதைப் போட்ட பிறகு டேக் இல்லாத ரிசோர்ஸ் என்று ரிவ்யூவில் எழுதுவது அநேகமாக நின்றேபோனது.

ஏஐயிடம் கேட்டால் போதாதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்வதற்கும், புதிதாக ஒன்றை எழுதுவதற்கும் நானும் கேட்கிறேன். ஆனால் எங்கள் கிளஸ்டரின் பெயர் அதற்குத் தெரியாது, தெரியப்படுத்தவும் க்ளையன்ட் ஒப்பந்தம் விடாது. போன மாதம் இதே சர்வரில் வேலை செய்து, ரெண்டு பேர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட கமாண்ட் என்ற உறுதி வேறு எங்கேயும் கிடைக்காது.

பகிர்வதைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஃபைல்கள் கம்பெனியின் சொந்த கிட் ரெப்போவில் (ஃபைல்களை மாற்றங்களின் வரலாற்றோடு வைக்கிற இடம்) இருக்கின்றன, மாற்றம் எல்லாம் ரிவ்யூ வழியாகத்தான். குட்டிக் கோடுகளைப் பகிர்கிற கிட்ஹப் ஜிஸ்ட்டில் "சீக்ரெட்" என்று போட்டால் தனக்கு மட்டும் தெரியும் என்று நினைக்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். தேடலில் வராது, அவ்வளவுதான், இணைப்பு கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பாஸ்வேர்டோ டோக்கனோ ஸ்னிப்பெட்டில் எழுதவே கூடாது. அந்த இடத்தைக் கோண அடைப்புக்குள் விட்டுவிட்டு, பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்து எடுக்கிற கமாண்டை மதிப்பு வரியில் வையுங்கள். அப்படி வைத்தாலும் டோக்கன் கடைசியில் கமாண்ட் வரியில் வந்து உட்காருமே, ஹிஸ்டரியில் தங்குமே என்ற கவலை எனக்கு உண்டு, அதனால் அந்த மாதிரி இடங்களில் டோக்கனை என்விரான்மென்ட் வேரியபிளில் வாங்கிக்கொள்கிற ஒரு குட்டி ஸ்கிரிப்டைத்தான் கூப்பிடுகிறோம்.

போன வாரம், திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்து மூணு மாசமே ஆன ஒரு பெண் முதல் ஆன்கால் முடித்தாள். திங்கட்கிழமை காலை என் சீட்டுக்கு வந்து, "அக்கா, சனிக்கிழமை ராத்திரி ஒரு பிரச்சினை வந்துச்சு, நம்ம ஃபைல்ல தேடிப் பாத்தேன், இல்ல. ஒரு மணி நேரம் ஆச்சு கண்டுபிடிக்க. நானே எழுதி சேத்திருக்கேன், பாத்துட்டு சொல்றீங்களா?" என்றாள். திறந்து பார்த்தேன். விளக்க வரியில் "க்யூ தேங்கி நிக்கி, யாரும் எடுக்க மாட்டுக்காங்க" என்று எழுதியிருந்தாள், அப்படியே அவள் ஊர்ப் பேச்சில். கீழே கமாண்ட், கிளஸ்டர் பெயர் கட்டாயம், மதிப்புகள் பட்டியலிலிருந்து, கடைசியில் ப்ரிவென்ட் எக்ஸ்ட்ரா. ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்ரூவ் செய்தேன்.